பவளத்தின் பெட்டிக்குள் என்ன இருந்தது?

மத்தியான வெயிலில் தறப்பாள் கூடாரம் சூடேறும்போது ஒரு மணம் வரும்... உருகப்போகிற பிளாஸ்டிக்கும் புழுதியும் கலந்த மணம். போர் முடிந்த வருஷம் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு அந்த மணத்தோடு ஒரு நாவலும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும்.

அந்த நாவலைத் தேடித்தான் புதிதாக வாங்கிய போனில் வாசிப்பு ஆப் எல்லாம் இறக்கினேன். இறக்கின நாளிலிருந்து ஒரே கோபம்.

முதல் ஆப், திறந்ததும் திறக்காததுமாக, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்க அனுமதி கேட்டது. பிறகு என் போனில் யார் யாருடைய நம்பர் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டுமாம். கதை வாசிக்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கே போகிறாய், யாரோடு இருந்தாய் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே ஒரு காலத்தில் நாக்கு வறண்டவர்கள் நாங்கள். அழித்துவிட்டேன்.

இரண்டாவது ஆப் பத்துப் பக்கத்தைக் காட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டது. சோற்றைப் போட்டுவிட்டுக் கோப்பையை இழுக்கிற மாதிரி. மூன்றாவது, தானே வாசித்துக் காட்டுமாம். ஒரு பெண் குரல்... செத்தவீட்டையும் கலியாணவீட்டையும் மூச்சு விடாமல் ஒரே மாதிரி வாசித்தது.

இதையெல்லாம் பொறுக்கலாம். காசு கட்டி வாங்கிய ஒரு புத்தகத்தை மச்சாளுக்கு அனுப்பப் பார்த்தால், 'இந்தப் புத்தகத்தை இன்னொருவருடன் பகிர முடியாது' என்கிறது!

வாங்கினது நான். இரவல் கொடுக்க முடியாதது என்ன புத்தகம்?

முகாமில் எங்கள் வரிசைக்கே இருந்தது ஒரு நாவல்தான். பக்கத்துத் தறப்பாள் மலர் அக்கா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நேரத்திலும் உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அட்டையும் முதல் தாள்களும் வழியிலேயே போய்விட்டன. பெயரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. அதற்கு நாங்கள் அடிபடுவதைப் பார்த்து அலுத்துப்போய், ஒரு நாள் அவர் சவர பிளேட் ஒன்றை எடுத்தார்.

"ஒரு புத்தகத்துக்கு ஏன் பிள்ளையள் இந்தச் சண்டை? அஞ்சாப் பிரிப்பம். வாசிச்சு முடிக்க முடிக்க மாத்துங்கோ. ஆனா ஒருத்தரும் அடுத்த பகுதியில என்ன எண்டு சொல்லப்படாது."

ஐந்து பகுதியையும் ஊசிநூலால் தைத்தோம். தண்ணீர் வரிசையில் நிற்கும்போது கைமாற்றுவோம். கதையில் பவளம் என்றொரு பெண். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிக் கப்பலேறிய தம்பியைத் தேடி, ஒரு தகரப் பெட்டியோடு புறப்படுகிறாள். நாலாம் பகுதி முடியும்போது, மழைக்குள், தெரியாத ஒரு ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறாள்...

அதோடு சரி. கடைசிப் பகுதி எனக்குக் கிடைக்கவில்லை.

அது என் பள்ளிக்கூடச் சிநேகிதி நளாவிடம் இருந்தது. அவள் குடும்பம் எங்கள் வரிசைக்குப் பிந்தித்தான் வந்தது. வந்த அன்று கைக்குக் கிடைத்தது அந்தப் பகுதி மட்டும், அதைத்தான் வாசித்தாள். அடுத்த நாளே பஸ் வந்து அவர்களை வேறு முகாமுக்கு ஏற்றிப்போய்விட்டது. பவளமும் கூடப் போய்விட்டாள். முடிவைச் சொல்லுங்கோ என்று மலர் அக்காவைக் கெஞ்சிப் பார்த்தேன், வாயே திறக்கவில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

ஆப்பில் தேடினால் பெயர் கேட்கிறது, எழுத்தாளர் கேட்கிறது. 'பவளம் தகரப் பெட்டி' என்று அடித்தேன். நகைக்கடை விளம்பரம் வந்தது.

பொறுக்க முடியாமல்தான் போன கிழமை இங்கே, இந்த முகநூல் குழுவில், உங்களிடம் கேட்டேன். நீங்கள் ஆளுக்கொரு நாவல் சொன்னீர்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத் துணுக்காயிலிருந்து ஒரு போன் கோல் வந்தது.

"எடியே, நான் நளா. கடைசிப் பகுதி என்ரை அலுமாரிக்குள்ள கிடக்குதடி!"

"இவ்வளவு காலமும் வைச்சுக்கொண்டே இருந்தனி? படம் எடுத்து அனுப்படி!"

அனுப்பினாள். வாட்ஸ்அப்பில் தாள் தாளாக வந்தது. கடைசித் தாள் மட்டும் வரவில்லை. திரும்பப் போன் எடுத்தேன்.

"அது பிறகு. முதல்ல நீ சொல்லு, அந்தப் பெட்டிக்குள்ள என்ன? அதில இருந்ததை மடியில வைச்சு நாலு பக்கத்துக்கு அழுகிறாள். என்னத்தை எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. எனக்கு விசர் பிடிக்குது."

"இது அநியாயம் நளா!"

"அநியாயமோ? முடிவு மட்டும் தெரிஞ்சவளின்ரை பாடு உனக்குத் தெரியுமோ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் சொன்னேன். பவளம் பெட்டிக்குள் வைத்தது தம்பியின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையை. திரும்பி வந்தால் போடுவான் என்று தோய்த்து மடித்து வைத்தது.



"சட்டையோ... நான் நகை எண்டெல்லோ நினைச்சனான். நகைக்குப் போய் இப்பிடி அழுகிறாளே எண்டு இவ்வளவு காலமும் அவளோட கோவமா இருந்திட்டனடி."

நளாவுக்கும் ஒரு தம்பி இருந்தான். முகாம்வரை வந்து சேராதவன். அவனைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. பவளத்தின் தம்பியைப் பற்றியே கனநேரம் கதைத்தோம்.

பிறகு கடைசித் தாள் வந்தது. ஓரத்தில் நாங்கள் தைத்த நூல் அப்படியே தெரிந்தது. பெரிதாக்கி வாசிக்கப் போக, அதற்கு மேலேயே ஒரு அறிவித்தல் வந்து விழுந்தது. அழிக்க மறந்துபோன ஒரு ஆப்.

'நீங்கள் இன்று எதுவும் வாசிக்கவில்லை!'

வாசிக்கவில்லையாம்...

அன்றைக்கு ஒரே புத்தகத்தை வெட்டி ஒரு வரிசையே வாசித்தது. இன்றைக்கு ஆயிரம் புத்தகம் என் கைக்குள் கிடக்கிறது, ஒன்றை மச்சாளுக்குக் கொடுக்க வழியில்லை. அந்த ஆப்பையும் அழித்துவிட்டுத்தான் கடைசித் தாளை வாசித்தேன்.

பவளம் என்ன செய்தாள் என்று இங்கே எழுதமாட்டேன். மலர் அக்காவின் சட்டம் அது. தெரிய வேண்டுமென்றால் நளாவிடம் இரவல் கேளுங்கள், அவள் தருவாள்.