முதல் சோறு அம்மாவுக்கு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டி, ஒவ்வொரு வாயையும் அவர் விழுங்கும்வரை காத்திருப்பாள். கணவன் சாப்பிட்ட பிறகுதான் மனைவி சாப்பிடவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அவளுடைய மதியச் சோறு பொழுது சாயும்போதுதான். ஒருநாள் நான் கத்தரித் தோட்டத்திலிருந்து வந்தபோது, சோற்றுக் கும்பாவைப் பிடித்தபடியே தரையில் மயங்கிக் கிடந்தாள்.

மறுநாளிலிருந்து அம்மா முதலில் சாப்பிட்டாள்.

அப்பாவைப் பார்க்கக் கன்னிவாடியிலிருந்து வந்த அவருடைய அக்கா, அம்மா தட்டில் சோறு பிசைவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏத்தா, கட்டுனவன் பட்டினி கெடக்க நீ முந்திக்கிட்டியா? நல்லாருக்கே கூத்து!"

அம்மா பிசைவதை நிறுத்தவில்லை. "நான் விழுந்துட்டா ஒங்க தம்பிய யாரு மதினி தூக்குறது? நீங்க தூக்குறீகளா? அப்பச் சொல்லுங்க, செத்த நேரம் படுத்துக்கிறேன்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏலே, ஆம்பளப் பய நிக்கிறியே, கேக்கமாட்டியா?"

ஆண்பிள்ளை பரிமாறுவது எங்கள் வீட்டில் அதுவரை நடந்ததே இல்லை. அகப்பையை எடுத்து அம்மா தட்டில் இன்னொரு தரம் சோறு போட்டேன். குழம்பும் ஊற்றினேன்.

அம்மா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, கை கழுவி, அப்பாவுக்கு ஊட்டப் போனாள்.