உப்புத் தண்ணீரில் அலசிய துணி

என் மனைவி குவைத்துக்குத் திரும்பிப் போனபோது எங்கள் மகளுக்குக் கழுத்து அப்போதுதான் நின்றிருந்தது. மனைவி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ லீவு முடிந்தும் போகாவிட்டால் விசா போய்விடும். போனாள். ஏர்போர்ட் வாசலில் அவள் கடைசியாகச் சொன்னது, "பாப்பாவுக்கு டயப்பர் போட்றாதீங்க, அவளுக்கு ஒத்துக்கல. துணிதான்." வேறு பெண்கள் அந்த இடத்தில் என்னவெல்லாமோ சொல்வார்களாம். எனக்குக் கிடைத்தது இதுதான்.

துணி என்பது அவளுடைய பழைய பருத்திப் புடவைகள். கைக்குழந்தைக்குப் புதுத் துணி உறுத்தும் என்று எங்கள் பக்கம் கட்டிக் கட்டி இளகியதைத்தான் கிழிப்பார்கள். அவளே சதுரம் சதுரமாகக் கிழித்து, நூல் பிரியாமல் ஓரம் அடித்து, அலமாரியில் அடுக்கிவைத்திருந்தாள். முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சுப் போடவும் கற்றுக்கொடுத்தாள். நான் போட்ட முதல் முடிச்சைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, மாட்டைக் கட்றீங்களா?" என்றாள்.

ஆம்பூரில் மாடி வீடு, வாடகைக்கு. நான் தோல் கம்பெனியில் வேலை செய்கிறவன். ஷிப்டுக்குப் போகும்போது குழந்தையைக் கீழே வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன். அவருக்குப் பிள்ளைகளெல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். என் மகளைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், திருப்பிக் கொடுக்கத்தான் மனசு வராது. சாயங்காலம் ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஊறப்போட்ட துணி வாளி. மாடிப்படி ஏறினால் அப்புறம் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

நாள் முழுக்கத் தோலை உருட்டும் டிரம் ஓடுகிற சத்தத்தில் கத்திக் கத்திப் பேசுகிறவன் நான். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. துணியோடு பேசினேன். கல்லில் அடித்துக்கொண்டே மேஸ்திரியைத் திட்டுவேன், விசாவைத் திட்டுவேன், சில நாள் அவளையும் திட்டுவேன். கம்பெனியில் ஒருத்தன், "இன்னா தோஸ்த், உன் வூட்டு மாடி கட்சி ஆபீஸ் மாதிரி இருக்குது, அத்தினி கொடி" என்று கிண்டல் பண்ணினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுக்க வேலை தவிர என்னிடம் யாராவது பேசியது அது ஒன்றுதான்.

பேரணாம்பட்டிலிருந்து மாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஜெபம் முடிந்ததும் பஸ் ஏறி வந்தார். வந்ததும் குழந்தையின் துணியை அவிழ்த்தார். இரண்டு தொடை இடுக்கும் சிவந்து, ஓர் இடத்தில் தோல் வழன்றே இருந்தது. எனக்குத் தெரியும். மருந்து போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள, தோல் உரிக்கிற வேலைய கம்பெனியோட வெச்சிக்கக் கூடாதா?"

நான் மருந்து டியூபை எடுத்து நீட்டினேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன். அதுக்குள்ள ஆறியிருக்கணும். இல்லேன்னா புள்ளைய நான் தூக்கிட்டுப் போய்டுவேன். ஒண்டி ஆம்பள வளக்கற வயசா இது?"

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அவர் போனபிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் ஃபேனும்தான். பயமாக இருந்தது. வளர்ந்த ஆம்பிளை இதற்குப் போய் பயப்படுவானா என்றால், பயந்தேன்.

கொடியில் காய்ந்த துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பளம். மடித்தால் நொறுங்கிவிடும்போல இருந்தது. போர் தண்ணீர் அப்படி. வாளியின் உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், தேய்த்தாலும் போகாது. அந்தத் தண்ணீர் ஏன் அப்படி ஆனது என்று தோல் கம்பெனிக்காரன் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

விறைத்ததை இளக்குவதுதானே நம் தொழில் என்று தோன்றியது. காய்ந்த தோலும் பலகை மாதிரிதான் வரும். எண்ணெய் கொடுத்து, உருட்டி, இழுத்து இழுத்து இளக்குவோம். அதே மாதிரி செய்தேன். கடைசி அலசலில் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்தேன். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் கட்டில் விளிம்பில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்தேன். ஆகா, என்ன மென்மை! கம்பெனியில் என் கையில் அவ்வளவு நல்ல சரக்கு வந்ததே இல்லை. பெருமையாக எடுத்து மகளுக்குக் கட்டினேன். அவள் மூத்திரம் போனாள். ஒரு சொட்டுகூடத் துணியில் இறங்கவில்லை. அத்தனையும் வழிந்து என் லுங்கியில்.

வீடியோவில் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். போனதிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, ஷூவுக்குத்தாங்க தண்ணி எறங்கக் கூடாது. பாப்பா துணி குடிக்கணுங்க" என்றாள். மறுபடி சிரித்தாள். திடீரென்று நிறுத்தி, "நான் இருந்திருந்தா..." என்றாள். அதற்குமேல் பேசாமல் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

எல்லாத் துணியையும் சோப்புத்தூள் போட்டுக் கொதிக்கவைத்து எண்ணெயை எடுத்தேன். மிச்சம் இருந்தது தண்ணீர். போர் தண்ணீரில் துவைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்க வாங்கிய கேன் தண்ணீரை ஊற்றினேன். மாடிக்குக் கருவேப்பிலை காயப்போட வந்த வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"யா அல்லா! குடிக்கிற தண்ணில மூத்திரத் துணியா? பைத்தியமா தம்பி நீ?"

"பாப்பாவுக்குப் புண்ணு ஆறணும்மா. இல்லேன்னா எங்க மாமியார் தூக்கிட்டுப் போய்டுவாங்க."

"இன்னா பேஜாருடா இது" என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனார். மறுநாள் வேலை முடிந்து வந்தால் என் கதவோரம் இரண்டாவதாக ஒரு கேன் இருந்தது, அவர் வீட்டுடையது.

துணி இளகியது. இந்தமுறை குடிக்கவும் குடித்தது. தொடையில் சிவப்பு மெல்ல மங்கி, வழன்ற இடத்தில் புதுத் தோல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். கையில் பெரிய பை, காலியாக. குழந்தையின் சாமான்களை எடுத்துப் போகத்தான் என்று பார்த்ததும் புரிந்தது. அவர் குழந்தையைப் பாயில் கிடத்தி, துணியை அவிழ்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறிடுச்சி" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. கூடவே ஓர் ஏமாற்றமும் இருந்தது. தன் பெண் போனபிறகு அவர் வீட்டிலும் அவர் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் வேறு துணி எடுத்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுக் குழந்தைக்குக் கட்டினார். என் முடிச்சைவிட நல்ல முடிச்சு. குழந்தை அவர் மடியில் இருக்கும்போதே குவைத்திலிருந்து போன் வந்தது. மனைவியின் முகத்தைத் திரையில் காட்டினார். மகள் திரையைப் பார்க்கவில்லை. என் குரல் கேட்ட பக்கம் கழுத்தைத் திருப்பி, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணி எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டாள்.

"பூ மாதிரி வெச்சிருக்காரு. நான்தான் சும்மா சத்தம் போட்டுட்டேன்."

"ஏங்க, அதுல ஒண்ணு எனக்கு அனுப்புங்க. எங்கூட வேல செய்யறவ லீவுல வேலூர் வந்திருக்கா. திரும்பறப்ப குடுத்துடுங்க."

"சரி. நல்லாத் தொவைச்சி, கேன் தண்ணில அலசி..."

"தொவைக்காதீங்க."

எனக்குப் புரியவில்லை.

"பாப்பா கட்டி அவுத்தது வேணும். அப்படியே" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் உடைந்துவிட்டது. போன் அணைந்தது.

மாமியார் அந்தப் பெரிய பையின் அடியில் மடிந்து கிடந்த ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, ஊதிப் பிரித்தார்.

"வெயில்ல போட்டா வாசன போய்டும் மாப்ள. ரூம்குள்ளயே காய வெச்சி இதுல போட்டுக் கட்டுங்க" என்றார்.

குழந்தையின் துணி அதற்குள் நனைந்திருந்தது. நான் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். கண் மறைத்தது. இரண்டு தரம் விரல் தவறி, மூன்றாம் தரம்தான் அவிழ்ந்தது.