தண்ணீர் அங்கிளின் சாவி

என் சமையலறை இழுப்பறையில் தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும், உணவகங்களில் தந்த கெச்சப் பொட்டலங்களுக்கும், ஒரு பழைய திருப்புளிக்கும் நடுவே அந்தச் சாவி கிடக்கிறது. கூட்டல் குறி மாதிரி நான்கு முனை இருக்கும். கைப்பிடி இல்லாத தோட்டக் குழாயைத் திறக்கிற சாவி. கரண்டி தேடி இழுப்பறையைத் திறந்தால்கூட முதலில் கண்ணில் படுவது அதுதான். உடனே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதைக் கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொண்டு ஒருவர் வருடக்கணக்காக எங்களை ஆட்டிப்படைத்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தண்ணீர் அங்கிள்.

அமெரிக்காவில், மில்பிடாஸில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ஓடைக்கரையை ஒட்டி, நீளவாக்கில் ஒரு நிலம் சும்மா கிடந்தது. காய்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். வாசல் பக்கம் ஒரே ஒரு குழாய். அதிலிருந்து கிளம்பும் பைப் ஒவ்வொரு பாத்தியாகத் தொட்டுக்கொண்டு போய் மறுகோடியில் முடியும். அந்த மறுகோடிதான் என் பாத்தி. முன்னால் நாலு பேர் திறந்துவிட்டால் எனக்குச் சொட்டுகூட வராது.

இதில் என் தொழிலையும் சொல்ல வேண்டும். ஊரில் வரலாறு படித்தவள்; இங்கே மாலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்பு என்றால் ஆற்றங்கரை நாகரிகங்கள். வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து போட்டது, மனிதன் வாய்க்கால் வெட்டினான், தின்றது போக தானியம் மிஞ்சியது, மிஞ்சியதை வைக்கக் களஞ்சியம், களஞ்சியத்துக்குக் காவல், கணக்குக்கு எழுத்து, எல்லோருக்கும் மேலே ஓர் அரசன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அது என் கண்ணெதிரே, அதுவும் தொப்பியும் ஃப்ளாஸ்க்குமாக வந்து நடக்கும் என்று யார் கண்டார்கள்?

கணினி சிப் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். முதல் கோடையில் எங்களைப் போல அவரும் பச்சை மிளகாய் வளர்த்தார், அவ்வளவுதான். அடுத்த கோடையில் அவரைக்காயும் சுரைக்காயும் யாருக்குக் கொடுத்தும் தீராமல் காய்த்துத் தள்ளின. வைக்க இடம் வேண்டும் என்று ஒரு ஷெட் போட்டார். யாரோ ஒரு பை தக்காளியைத் தூக்கிக்கொண்டு போனதும் ஷெட்டுக்குப் பூட்டு வந்தது. பூட்டைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குக் களை எடுப்பதிலிருந்து விலக்கு! பிறகு தண்ணீருக்குச் சண்டை வந்தது. மறுநாளே குழாயின் கைப்பிடியைத் திருப்புளியால் கழற்றிவிட்டுச் சாவியும் கழுத்துமாக வந்து நின்றார்.

சனிக்கிழமைதோறும் முறை வைத்துத் தண்ணீர். என் முறை காலை ஆறு மணிக்கு. வாரத்தில் தூங்கக் கிடைக்கிற ஒரே காலை அது. ஒருநாள் தூங்கிப்போய்த் தாமதமாக ஓடினேன்.

"டேர்ன் மிஸ் பண்ணிட்டா அடுத்த சாட்டர்டேதாம்மா."

"அங்கிள், வெண்டை வாடுது!"

"வாடட்டும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். அந்த வாரம் வகுப்பில் ஒரு பெண், "ஸோ, ஹூஎவர் ஹேஸ் த வாட்டர் இஸ் த கிங்?" என்று கேட்டாள். "ஆமாம்மா, சரியாச் சொன்னே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

போன வருடம் அவர் வேறு மாநிலத்தில், காப்பெலில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். கிளம்புகிற அன்று தோட்டக் கமிட்டியிடம் போகாமல் என் வீட்டு மணியை அடித்து, கயிற்றோடு சாவியைக் கழற்றிக் கொடுத்தார். "வெச்சுக்கோம்மா. உனக்குத்தான் தேவைப்படும்." குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து இழுப்பறையில் வீசினேன். அடுத்த வாரமே குழாய்க்குச் சாதாரணக் கைப்பிடி போட்டார்கள். அரசாட்சி ஒழிந்தது என்று லட்டு வாங்கிக்கொண்டு போனவள் நான்.

இந்தக் கோடையில் என் பாத்தி காய்ந்து கிடக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் எரிச்சல். "டென் மினிட்ஸ்தாங்க" என்று திறந்துவிட்டு, பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். முதல் பாத்தியில் சேறு; என் புடலை பூவோடு கருகிவிட்டது. சண்டை போடலாம் என்று போனால் ஆளே இல்லை. பக்கத்துப் பாத்திக்காரரிடம் புலம்பினேன்.

"கமிட்டில சொல்லுங்களேன்."

"கமிட்டி யாருங்க?"

"நாம எல்லாரும்தான்!"

வெறும் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. எனக்கு ஏன் ஆறு மணி? வேறு யாரும் திறக்காத நேரம் அது. அந்த மனிதர் எப்போதும் கடைசிப் பாத்தியிலிருந்துதான் முறையை ஆரம்பித்தார். தண்டனை என்று நான் திட்டியதெல்லாம் எனக்கான தண்ணீர். இதை ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் நடத்தும் பாடப்புத்தகத்தில் அரசன் வருகிறான், களஞ்சியம் வருகிறது. வாய்க்காலின் கடைசியில் நிற்பவள் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

இன்று மத்தியானம் காப்பெலுக்கு போன் போட்டேன். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை அவர்.

"கடைசிப் பாத்திக்குத் தண்ணி வருதாம்மா?"

"வரல அங்கிள்."

அதே நாற்காலிக் குரலில் எரிந்து விழுந்தார். "அப்புறம் எதுக்கும்மா சாவிய உன்கிட்ட குடுத்தேன்?"

போனை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். சாவி கிடக்கிறது. பக்கத்திலேயே திருப்புளியும் கிடக்கிறது. நாளை சனிக்கிழமை.