ஒச்சம்மா அக்கா ஓட்டுற அம்பாசிடர்

எனக்குக் கோவம் சட்டுனு வரும். ஊரறிஞ்ச விசயம். "மிக்கேல்ராஜ் வேலை சுத்தம், வாய்தான் மோசம்"னு சொல்லிக்கிட்டேதான் கரூர் ரோட்டுல இருக்குற என் வொர்க்‌ஷாப்புல வண்டிய விட்டுட்டுப் போவாங்க. அந்த வாயை அடைச்சது ஒரே ஒரு ஆளு, எரியோடு ஒச்சம்மா அக்கா.

அக்காவுக்கு அம்பத்தஞ்சு வயசு. வீட்டுக்காரரு முத்துச்சாமி அண்ணன் ஆட்டு யாவாரி. வியாழக்கெழமை ஆனா அய்யலூர் சந்தையில நிப்பாரு. பழைய வெள்ளை அம்பாசிடர் ஒண்ணு வச்சிருக்காரு, அதுலயேதான் ஆட்டையும் ஏத்திட்டு வருவாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சக்கர நோயி கண்ணுல எறங்கிருச்சு. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. சந்தையும் அதோட போச்சு. பஸ் நெரிசல்ல ஏற முடியல. அடுத்தவன் வண்டியில ஏற மனசு வரல. கட்டில்லயே கெடந்தாரு. தெருவுல யாராச்சும் ஆட்ட ஓட்டிட்டுப் போனா மட்டும் தலையத் தூக்குவாரு.

ஒரு நா அக்கா கடைக்கு வந்தாங்க. "ஏப்பா மிக்கேலு, நான் கார் ஓட்டிப் பழகப் போறேன். இவர நானே சந்தைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நான் சிரிச்சுட்டேன். "அக்கா, அது பழைய ஸ்டியரிங்கு, கைய முறிக்கும். பேசாம வீட்டுல இருங்க."

"ரெண்டு ஏக்கரு வெள்ளாம பாத்த கையி இது. முறிக்கட்டும் பாப்போம்."

நாலு மாசம் பழகினாங்க. உள்ளதச் சொல்லணும்ல, நல்லாவே ஓட்டினாங்க. ஆனா டெஸ்ட் அன்னைக்கு திண்டுக்கல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துல பாதியிலயே வண்டி நின்னுருச்சு. காரணம் பெட்ரோல் பம்ப்பு. டேங்குல இருந்து பெட்ரோல இழுத்து கார்பரேட்டருக்குக் குடுக்குறது அதுதான். அதுக்குள்ள ஒரு ரப்பர் தகடு இருக்கும். இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்கல்ல, பழைய வண்டி ரப்பருக்கு அது ஒத்துக்கல, ஊறிக் கிழியுது. வெயில் ஏறுனா பம்ப்பு படுத்துரும். நாங்களும் ஈரத்துணியச் சுத்தி, செத்த நேரம் ஆறவிட்டு ஒப்பேத்திட்டு இருந்தோம். அதுவரைக்கும் டெஸ்ட் எடுக்குற பிரேக் இன்ஸ்பெக்டர் காத்துக்கிட்டு நிப்பாரா? பெயில் போட்டுட்டாரு.

திருப்பூர்ல இருந்து மகன் மதன்குமார் போன் போட்டான். "அம்மா, எதுக்கும்மா இந்த வயசுல? இன்னொரு தடவ பெயிலானா வண்டிய வித்துருவேன். ஆளு பாத்து வச்சுட்டேன்." வண்டி அவன் பேருல இருக்கு. அக்கா "சரிடா"ன்னு மட்டும் சொன்னாங்க. நேரா என்கிட்ட வந்து, "புது பம்ப்பாப் போட்டுரு"ன்னாங்க.

கோயம்புத்தூர்ல சொல்லி வரவழைச்சேன். பழசக் கழட்டும்போது, பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒட்டிக்கெடந்த கறுப்புத் தகடு ஒண்ணு பேந்து விழுந்துச்சு. அரை விரல் கனம், மேலெல்லாம் எண்ணெ அழுக்கு. அக்கா அதக் கையில எடுத்து, "இது எதுக்குப்பா?"ன்னாங்க.

"அது குப்பைதான்க்கா. நடுவுல வைக்கிறதுக்குப் புதுப் பேக்கிங் வந்திருக்கு. சும்மா தொணதொணன்னு கேக்காதீங்க."

புதுசு வெறும் காயிதம் கனத்துக்குத்தான் இருந்துச்சு. அத வச்சு முறுக்குனேன். ஒரே இழுப்புல எஞ்சின் கெளம்புச்சு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்திருக்கணும். பாக்கல, அம்புட்டு தெனாவட்டு.

மறுநா காலையில டெஸ்ட். பின் சீட்டுல அண்ணன், முன்னாடி நான், ஸ்டியரிங்குல அக்கா. திண்டுக்கல் வர்றதுக்குள்ளயே எஞ்சின்ல டக் டக்னு ஒரு சத்தம். மைதானத்துக்குள்ள நுழைஞ்சதும் குப்புனு பெட்ரோல் வாடை. பானெட்டத் தூக்கிப் பாத்தா கார்பரேட்டர் வழிஞ்சு நிக்குது. பாத்த ஒடனே புரிஞ்சு போச்சு. நான் குப்பைன்னு சொன்ன தகடுதான் பம்ப்ப எஞ்சின்ல இருந்து தள்ளி நிறுத்தி வச்சிருந்துச்சு. அது இல்லாததுனால பம்ப்பு உள்ள போயி இடிச்சு, அளவுக்கு மீறி பெட்ரோலத் தள்ளுது. அது இப்ப என் கடைக் குப்பையில எங்க கெடக்கோ!

"அக்கா, தப்பு எம்மேலதான்"னேன். இவங்க வண்டிய நானே வித்த மாதிரி இருந்துச்சு.

அக்கா கட்டப்பையில கைய விட்டு, பேப்பர்ல சுத்துன ஒரு பொட்டலத்த எடுத்து நீட்டுனாங்க. "இதுவா பாரு."

அதேதான். கழுவித் தொடச்சு வச்சிருந்தாங்க.

"அளவெடுத்து ஓட்ட போட்டிருக்கான்ல. வேலையில்லாத சாமானுக்கு எவனாச்சும் ஓட்ட போடுவானா? திருப்பிக் கேட்டா நீ வள்ளுனு விழுவ. அதான் பேசாம எடுத்து வச்சுக்கிட்டேன்."

ஆத்தாடி! எஞ்சின் சூடு தணியட்டும்னு வேப்பமரத்தடியில நிறுத்தி, ரெண்டு போல்ட்டக் கழட்டி, தகட்ட வச்சுத் திரும்ப முறுக்கினேன். பேரு கூப்புடுறாங்களான்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே அக்கா ஸ்பேனர எடுத்துக் குடுத்தாங்க. வண்டியக் கெளப்புனோம். சத்தம் இல்ல.

பின் சீட்டுல இருந்து எஞ்சின் ஓடுறதக் காது குடுத்துக் கேட்ட அண்ணன், "ஏலே மிக்கேலு, இப்பத்தான்டா இது என் வண்டி"ன்னாரு.

போன தடவ வந்த அதே இன்ஸ்பெக்டர்தான். "பாதியில நின்ன வண்டிதானம்மா இது?"ன்னு கேட்டாரு.

"அதே வண்டிதான் சார். ஏறுங்க."

முன்னாடி ஓட்டி, வளைச்சு, ரிவர்ஸ் எடுத்து, கோட்டுல கொண்டாந்து நிறுத்துனாங்க. பாஸ். எறங்கி வந்த அக்கா அண்ணன் கையப் பிடிச்சு, "வியாழக்கெழம கெளம்பணும்"னு மட்டும் சொன்னாங்க.

லைசென்ஸ் தபால்ல வந்த வாரமே அய்யலூர் கெளம்பிட்டாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு என்னையும் பின் சீட்டுல ஏத்திக்கிட்டாங்க. சந்தையில அண்ணன் ஒரு கெடா முதுகுல கைய வச்சு, நடு எலும்ப அமுக்கிப் பாத்து, "பதினாலு கிலோ கறி நிக்கும்"னாரு. விக்க வந்தவன் அசந்து போயி, "உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னாங்களே?"ன்னான்.

"எவன்டா கண்ண வச்சு ஆடு பிடிச்சான்?"

ரெண்டு வருஷமாப் பேசாத பேச்சையெல்லாம் அன்னைக்குப் பேசினாரு. அக்கா அந்தப் பக்கம் திரும்பி மூக்கச் சிந்துனாங்க.

மூணு ஆடு பிடிச்சாரு. மூணையும் பின் சீட்டுல, நான் உக்காந்து வந்த எடத்துல ஏத்தியாச்சு. நானும் ஏறலாம்னு கதவுல கைய வச்சேன்.

"எங்கப்பா ஏறுற?"ன்னாங்க அக்கா. "எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே. நீ பஸ்ஸுல வந்து சேரு."

சிரிச்சுக்கிட்டே கியரப் போட்டாங்க. அண்ணன் முன் சீட்டு ஜன்னல்ல கைய வெளிய விட்டு, நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்னு நெனச்சு ஆட்டிக்கிட்டே போனாரு. நான் இந்தப் பக்கம் நின்னு ஆட்டுனேன்.