என் கண்ணின் திசுவைப் பார்த்த நாள்

ஓசூரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையின் லேபில் வேலை பார்க்கிறேன். இரும்புத் துண்டைப் பளபளவென்று தேய்த்து, ஆசிட் தடவி, மைக்ராஸ்கோப்பில் அதன் உள்ளமைப்பைப் பார்த்து எழுதுவது என் வேலை. இடது கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தபோது, பெங்களூரில் கண்ணின் மேல் கதிர்வீச்சுத் தகடு ஒன்றைத் தைத்து, நான்கு நாள் கழித்து எடுத்தார்கள். கட்டி சுருங்கியது. பார்வை மங்கினாலும் கண் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, தழும்பின் ஓரத்திலேயே மறுபடி வளர ஆரம்பித்தது. இந்த முறை கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

எடுத்த கண்ணின் திசுவைப் பரிசோதித்த ரிப்போர்ட்டை வாங்கப் போன அன்று மனைவியும் நானும் காலையிலிருந்து மூன்று வரிசைகளில் நின்றோம். இரண்டு பக்க ரிப்போர்ட். ஒன்றும் புரியவில்லை. அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அதை எழுதிய டாக்டரம்மாவைத் தேடிக் கீழ்த்தளத்துக்குப் போனேன்.

"மேடம், நானும் மைக்ராஸ்கோப்புலதான் வேல செய்றன். ஒரு தடவ பாக்கலாங்களா?"

அவர் கன்னடக்காரர். "பாத்து என்ன பண்றீங்க?" என்று தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டார்.

"தெரியலைங்க. என் கண்ணுதானுங்க."

என் கண்ணின் திசு இருந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். குனிந்து வலது கண்ணால் பார்த்தேன். ஒரு பக்கம் வெளிறிய நார்கள். கதிர்வீச்சில் கட்டி செத்த இடம் அது என்றார். நடுநடுவே, செத்த கட்டிச் செல்களின் கருநிறத்தை விழுங்கி உப்பிய வேறு செல்கள். பிறகு ஸ்லைடை நகர்த்தினார். அங்கே பெரிய உருண்டைச் செல்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தன. சில இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. நீளமான செல்கள் என்றால் கொஞ்சம் சாது, இந்த உருண்டைகள்தான் முரடு என்றார்.

"அப்போ இனிமே என்னாவுங்க?"

"இந்த ஸ்லைடு என்ன ஆச்சுன்னு சொல்லும். என்ன ஆகும்னு சொல்லாது. இது பரவினா பெரும்பாலும் லிவருக்குத்தான் போகும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா லிவர் ஸ்கேன் பாருங்க."

பயமோ கோபமோ வரவில்லை. குனிந்து பார்த்ததில் கழுத்துதான் வலித்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி, நான் மேலே வந்ததும்.

"பாதி செத்துருக்குது. பாதி சாவல."

"அதான் எடுத்தாச்சே. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது." ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

இதுவரை இரண்டு ஸ்கேன் எடுத்தாயிற்று. இரண்டிலும் ஒன்றுமில்லை. சந்தோஷப்படவேண்டிய செய்திதான். ஆனால் ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இருவரும் சாப்பிடக்கூடச் செய்யாமல் பகலிலேயே படுத்துத் தூங்கிவிடுகிறோம்.