அம்மா மதிப்பெண் போடாத ஆட்டம்

அம்மா எழுதிய வீடியோ கேம் விமர்சனப் பக்கங்களில் உள்ள படங்களை உற்றுப் பார்த்தால் எங்கள் வீடு தெரியும். விளையாட்டுக் காட்சியை அப்படியே கணினிக்கு இழுத்துக்கொள்ளும் வசதி அவை வந்த பத்திரிகைக்கு அப்போது கிடையாது. டி.வி.க்கு எதிரே முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் திரையின் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை விழும். நிதானமாக எடுத்தாலோ, கதவிடுக்கில் வரும் வெளிச்சத்தில் அறையில் இருப்பதெல்லாம் டி.வி. கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கடற்கொள்ளையர் ஆட்டம் ஒன்றின் படத்தில், புயலுக்கு மேலே வரிசையாகக் குழந்தைத் துணிகள் காய்கின்றன. “நடுக்கடல்ல யாரும்மா துணி காயப்போட்டது?” என்று பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டாராம்.

அந்தத் துணிகள் என்னுடையவை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நான் கைக்குழந்தை. ஆகவே இதில் பாதி அப்பாவும் அத்தையும் சொன்னது. மீதியைப் பரணில் இருந்த பழைய இதழ்களிலிருந்து எடுத்தேன். அம்மாவிடம் கேட்டால், “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்பதோடு சரி.

வீட்டு மின்சாதனங்களைப் பற்றிய மாதப் பத்திரிகை ஒன்றில் பக்கம் அமைக்கும் வேலை அம்மாவுக்கு. கடைசிப் பக்கம் வீடியோ கேம்களுக்கு. அதைக் கோக்கும்போது அம்மா முணுமுணுப்பாளாம்: நல்லா இருக்குன்னு எழுதியிருக்கார், எப்படி நல்லா இருக்குன்னு எழுதலையே. அதை எழுதிக்கொண்டிருந்தவர் வெளிநாடு போனதும், “ரொம்ப முணுமுணுத்தியே, நீயே எழுது” என்று ஆசிரியர் பக்கத்தைத் தூக்கி அம்மா கையில் கொடுத்துவிட்டார். நான் பிறக்கவிருந்ததால் அலுவலக வேலையை விட்டாள். பக்கத்தை விடவில்லை. கன்சோல் என்ற ஆட்டக் கருவியும் ஆட்ட வட்டுகளும் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தன. அடுத்தவர் எழுத்தைக் கட்டம் கட்டிக்கொண்டே இருந்தவளுக்கு, தன் பெயர் அச்சில் வரும் ஒரே இடம் அது.

எழுத்தில் ஈவிரக்கம் கிடையாது. பேய் ஆட்டம் ஒன்றைப் பற்றி: “பேயைவிட, ஆட்டத்தைக் காட்டும் கேமராதான் பயமுறுத்துகிறது. தான் சுவருக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு நம்மை மட்டும் முன்னால் அனுப்புகிறது.” கால்பந்து ஆட்டத்துக்கு: “பந்து வலைக்குள் போகும் முன்பே கூட்டம் கத்திவிடுகிறது. அவர்களுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும் போல.” கோட்டைக்குள் சிக்கிய இளவரசி கதைக்கு: “கூந்தலுக்குப் பட்ட பாட்டில் கால்பங்கைக் கதவுகளுக்குப் பட்டிருக்கலாம். எது திறக்கும், எது வெறும் படம் என்று கடைசிவரை பிடிபடவில்லை.”

ஆசிரியருக்கு இரண்டே நிபந்தனைகள். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும்.

அந்த வருடத்தின் பெரிய ஆட்டமாக ‘கடைசிக் கலங்கரை’ வந்தது. இருண்ட கடலில் தீவு தீவாகப் படகு விட்டுப் போய், அணைந்து கிடக்கும் கலங்கரை விளக்கங்களை ஏற்றுகிற கதை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் முழு மதிப்பெண்ணை வாரி இறைத்திருந்தன. ஆசிரியர் வட்டை அனுப்பிவிட்டுப் போனில் சொன்னது தெளிவாக இருந்தது: அச்சுக்குப் போகும் நாளுக்குள் ஆட்டத்தை முடித்து எழுதிய விமர்சனம் வந்தாக வேண்டும். கைக்குழந்தையோடு முடியாது என்றால் தப்பில்லை, பக்கத்தைச் சந்தாப் பிரிவுத் தம்பியிடம் கொடுத்துவிடலாம். தம்பி எந்த ஆட்டத்தையும் வாரக் கடைசியில் முடித்துவிடுகிற ஆள். பக்கத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண்.

“முடிச்சிடுறேன் சார்” என்றாள் அம்மா.

ஆட்டம் அழகுதான். ஆனால் அதில் ஒரு விதி இருந்தது. ஆடியதைச் சேமிக்க வேண்டுமென்றால் ஒரு கலங்கரையின் உச்சிக்கு ஏறி விளக்கை ஏற்ற வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும், பழைய கலங்கரையிலிருந்துதான் மறுபடி தொடங்கும். இரண்டு கலங்கரைகளுக்கு நடுவே ஒரு முழுப் பிற்பகல் கடல்.

எனக்கோ அப்போது இளைப்பு. படுக்கவைத்தால் மூச்சு விசிலடிக்கும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவிக்குள் என்னை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அம்மா மூன்றாவது கலங்கரையை ஏற்றினாள். நான்காவதற்குப் புறப்படும்போதெல்லாம் நான் விசிலடித்தேன். அவள் ஆட்டத்தை அப்படியே உறையவைத்து, டி.வி.யை அணைத்து, கன்சோலை மட்டும் ஓடவிட்டு என்னைத் தூக்குவாள். திரும்பி வரச் சில நேரம் சாயங்காலம் ஆகிவிடும். கன்சோலின் மேல் ஒரு அட்டை ஒட்டியிருந்தது: “உயிரோட இருக்கு. அணைக்காதீங்க.”

கெடுவுக்கு முந்தின நாள், நான்காவது தீவின் கரை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. படகை ஒதுக்கிக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. நான் இளைத்தேன். அம்மா உறையவைத்துவிட்டு ஓடினாள். அவள் ஆவிக்குள் நின்ற நேரத்தில் வெளியே இடி இறங்கியது. அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவர், இடி என்றால் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுகிற ஆள். மின்விசிறி, ஃபிரிட்ஜ், அப்படியே இதையும்.

அம்மா வந்து பார்த்தபோது சின்னப் பச்சை விளக்கு இல்லை. என்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தைக்கு அப்போதுதான் அட்டை கண்ணில் பட்டது.

“வேணும்னு பண்ணலம்மா. நாலு வீடு தள்ளி விழுந்த மாதிரி இருந்துச்சு.”

“தெரியும் அண்ணி. பொட்டியாவது பொழைச்சுதே.”

“விட்ட இடத்துலேருந்து ஆடக்கூடாதா? கதைப் புஸ்தகத்துல ஒரு துண்டுக் காகிதத்தை வச்சுட்டு எழுந்திரிக்கிறோமே, அந்த மாதிரி?”

“இதுல வைக்க விடமாட்டாங்க அண்ணி.”

சொன்னவள் தான் சொன்னதையே கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பார் அத்தை. அப்புறம் ஏன் சிரித்தாள் என்று தனக்கு இன்றுவரை விளங்கவில்லை என்றும் சொல்வார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கையோடு வந்து விஷயத்தைக் கேட்டவருக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. வெளிநாட்டுக்காரர்கள்தான் விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறார்களே, முடிவு வரைக்கும் அதிலேயே இருக்கிறது, நாலு வரி மாற்றிப் போட்டு ஒன்பது கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அம்மா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: ஏறிப் பார்க்காத லிஃப்டுக்கு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா? அப்பா கை கழுவப் போய்விட்டார்.

அம்மா எழுதி அனுப்பியது இப்படித் தொடங்குகிறது:

“இந்த ஆட்டத்தை நான் முடிக்கவில்லை. மூன்றாம் கலங்கரைக்கும் நான்காம் கலங்கரைக்கும் நடுவில் இருக்கிறேன். அநேகமாக அங்கேயே இருப்பேன். கடல் அழகு. இவ்வளவு தனிமையான அலைச் சத்தத்தை எந்த ஆட்டத்திலும் நான் கேட்டதில்லை. ஆனால் நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு இங்கே இடமில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், மணியடித்தால் ஓட வேண்டியவர் யாருக்கும் நான்காம் கலங்கரை கிடையாது. பார்க்காத பாதிக்கு மதிப்பெண் போட எனக்கு உரிமை இல்லை. பார்த்த பாதிக்கு மட்டும் போட மனமில்லை.”

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. ஆசிரியர் கத்தவில்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்பார் அப்பா.

“முடிக்காம எழுதறதுக்குப் பேரு விமர்சனம் இல்லம்மா.”

“முடிக்க முடியலைங்கறதும் ஒரு கருத்துதான் சார்.”

“அது உன் வீட்டுப் பிரச்சினை.”

அம்மா ரிசீவரை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டாள். என்னைப் போட்டிருந்த தோள் பக்கம் அது.

“வாங்குறவங்க எல்லாருக்கும் வீடு இருக்கு சார்.”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

இதழ் வந்தது. பக்கம் தம்பியுடையதாகிவிட்டிருந்தது. அவர் பெயர், அவர் விமர்சனம், ஒன்பதரை. அம்மா அதை வரிவரியாகப் படித்துவிட்டு, நல்லாத்தான் எழுதியிருக்கான் என்றாளாம். பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள், பாதியாக வெட்டப்பட்டு, அம்மாவின் எழுத்து. தலைப்பை ஆசிரியரே வைத்திருந்தார்: ‘எங்கே எழுந்திருக்கலாம்?’ அதன் கீழே எறும்பு அளவில் அம்மாவின் பெயர். பக்கம் போனதைவிட, கடல் அழகு என்ற வரியை வெட்டியதுதான் அவளுக்கு ஆறவில்லை. “குறையை மட்டும் வச்சுட்டு, நிறையை எடுத்துட்டார் பாருங்க” என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் தம்பியே வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, தனியாக ஒரு அறையில் இருக்கிறவன் நான், கலங்கரைக்குக் கலங்கரை தூரம் என்பதே எனக்கு உறைக்கவில்லை அக்கா என்றார். சந்தாவைப் புதுப்பிக்கப் போன் செய்கிறவர்கள் தன் ஒன்பதரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். பெட்டியைப் பற்றித்தான் கேட்டார்களாம். ஒருவர் ஆலை வாயிற்காவலர், ஒருவர் பிரசவ வார்டு நர்ஸ், ஒருவர் படுத்த படுக்கையான மனைவியைக் கவனித்துக்கொள்பவர். எந்த ஆட்டத்தில் எழுந்திருக்க விடுவார்கள் என்று எல்லா ஆட்டத்துக்கும் போடச் சொன்னார்களாம். அம்மாவிடம் கேட்க ஆசிரியருக்குக் கூச்சம், அதனால்தான் தன்னை அனுப்பியிருக்கிறார் என்றார். கையில் புது வட்டுகள் இருந்தன.

பத்திரிகை நின்றுபோகும்வரை அப்படித்தான் நடந்தது. தம்பி கடைசிவரை போய்ப் பார்ப்பார். அம்மா நடுவழியில் எங்கெல்லாம் இறங்கலாம் என்று பார்ப்பாள். பெரிய பக்கம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. பெட்டி மட்டும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கலாம், நீளப் பேச்சுக் காட்சிகளைத் தாண்ட முடியுமா, சத்தத்தை அணைத்துவிட்டு ஆடினால் கதை புரியுமா, ஒரு கையால் சமாளிக்கலாமா.

இப்போது அந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். மீன்பிடி ஆட்டம் ஒன்றின் பெட்டி: “எந்த நொடியிலும் நிறுத்தலாம். நான்கு முறை எழுந்து போனேன். திரும்பி வந்தபோது தூண்டில் அதே தண்ணீரில் இருந்தது. செய்தவர்களுக்கு நன்றி.”

அந்த நான்கு முறையும் நான்தான். நான் இளைத்தது, பசித்தது, காரணமே இல்லாமல் அழுதது எல்லாம் இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. எந்த இதழைப் புரட்டினாலும் ஒன்று மட்டும் இல்லை. அவள் ஆட்டங்களைக் குறை சொல்லியிருக்கிறாள், கேமராவை, கதவுகளை, கலங்கரைகளை. குழந்தை தொந்தரவு செய்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.