முத்துமாலைக்கு ஏற்ற நிறம்

எங்கள் வீட்டுக்கு முத்துமாலை வந்தது ஒரே ஒரு தடவைதான். அது வராமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். மாலையின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பாவம், அது கழுத்தில் கிடந்ததைத் தவிர வேறு எந்தக் குற்றமும் செய்யவில்லை.

அம்மா அப்போது பஹ்ரைனில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். நாங்கள் பனிச்சங்கேணியில், வாவிக் கரையோரம் இருந்தோம். அப்பா இறால் பிடிக்கப் போவார். அக்காவையும் என்னையும் பார்த்துக்கொண்டது அம்மாவின் மூத்த சகோதரியான எங்கள் பெரியம்மா. அக்கா வயதுக்கு வந்து பெரியபிள்ளையான செய்தி போனதும் அம்மா லீவு கேட்டிருக்கிறார். வீட்டுக்காரி விடவில்லை. அம்மாவின் போனையும் அவள்தான் பூட்டி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கொஞ்ச நேரம் கொடுப்பாள். முகம் பார்த்துப் பேசக் கூடாது, குரல் மட்டும்தான். எங்கள் வீட்டில் இருந்ததும் ஒரு பழைய பொத்தான் போன். ஆகவே, தான் பஹ்ரைனுக்குப் புறப்பட்ட அன்று பல் விழுந்த வாயோடு வாசலில் நின்று கையசைத்த அக்காவைத்தான் அம்மாவுக்குத் தெரியும். வளர்ந்த அக்காவை அவர் கண்டதே இல்லை.

தான் வரமுடியாத சாமத்தியச் சடங்குக்கு அம்மா அந்த மாலையை அனுப்பினார். லீவில் வந்த காத்தான்குடிக்காரர் ஒருவர் அதைக் கொண்டுவந்து தந்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அக்கா அந்த நேரம் கிணற்றடியில் குளித்துவிட்டு, கரும்பச்சைத் துணியை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிய குறுக்குக்கட்டோடு வந்து நின்றாள். பெரியம்மா அவசரத்தில் அவளுடைய ஈரக் கழுத்திலேயே மாலையைப் போட்டுப் பார்த்தார்.

அப்பா வலையில் இருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக ஒளிவிட்டது. அக்காவைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது, அவ்வளவு அழகாக இருந்தாள். பிறகு பெரியம்மா வாயைத் திறந்தார்.

"மாலை வடிவுதான். ஆனா கழுத்துக் கறுப்பு பளிச்செண்டு காட்டிக் குடுக்குதே."

எங்கள் வீட்டில் வெள்ளை என்று ஒருவரும் இல்லை. பெரியம்மா அக்காவை விட ஒரு படி கறுப்பு. இருந்தும் அன்றைக்கு அந்தக் கழுத்து அவருக்கு ஒரு பெரிய வில்லங்கமாகிப் போனது. அம்மா அக்காவைக் "கறுப்பி" என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார். அதுவும் பெரியம்மாவுக்குப் பிடிக்காது. சொல்லிச் சொல்லியே பிள்ளையைக் கறுக்க வைத்துவிட்டாளாம்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா போன் எடுத்தார். போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி இருந்தோம். "கடையில கறுப்பில போட்டு வெச்சிருந்தாங்க. கண்டவுடன எண்ட புள்ளைக்கெண்டு எடுத்திட்டன். மாலையோட நிக்கிற படம் ஒண்டு எனக்கு அனுப்பிப் போடுங்க" என்றார். மேலே கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பெரியம்மாவுக்குத் தலை சுற்றியது. "நல்ல காரியத்தில ஆரும் கறுப்புச் சீலை உடுத்துவாங்களா? அங்க போய் அவளுக்குப் புத்தியும் மாறிப் போச்சு" என்று பொரிந்து தள்ளினார். ஆனாலும் தங்கை ஆசைப்பட்டு அனுப்பிய மாலை. அது படத்தில் நன்றாக விழ வேண்டும். கறுப்பும் ஆகாது என்றால் எந்த நிறம்? அன்று தொடங்கியது எங்கள் வீட்டில் நிறக் கூத்து.

அக்கம்பக்கத்துச் சீலைகள் எல்லாம் எங்கள் வீட்டுக் கொடியில் ஏறின. பெரியம்மாவும் அயல் பெண்களும் ஒவ்வொன்றையும் அக்காவின் தோளில் போட்டு, மாலையையும் போட்டு, எட்ட நின்று பார்ப்பார்கள். கண்ணாடி பிடிக்கிற வேலை எனக்கு. மஞ்சளைப் போட்டால் முத்தும் மஞ்சள் பிடித்துப் பழசு போலத் தெரிந்தது. சிவப்பு தன் சிவப்பை முத்தில் ஏற்றியது. வெள்ளையில் முத்து இருக்கிற இடமே தெரியவில்லை. கத்தரிப்பூ நிறமும் கடும் நீலமும்தான் முத்துக்கு வாய்த்தவை. போட்டவுடன் மாலை எழுந்து நின்றது. அக்காவும் எழுந்து நின்றாள். ஆனால் கடும் நிறம் உடம்பை இன்னும் கறுப்பாகக் காட்டுமாம். அதைக் கழற்றிவிட்டு இளம் ரோசாவைப் போடுவார்கள். கழுத்து கொஞ்சம் வெளுத்தது போல இருக்கும், முத்து செத்துப்போகும். முத்தைக் காட்டுகிற சீலை கழுத்தையும் காட்டியது. கழுத்தை மறைக்கிற சீலை முத்தையும் சேர்த்து விழுங்கியது. இந்தச் சிக்கலை வைத்துக்கொண்டு பெரிய மனுசிகள் சோறு ஆக்கவும் மறந்து நின்றார்கள்.

அப்பா ஒரு தடவை வாய் திறந்தார். "முதல் நாள் போட்ட மாதிரியே இரிக்கட்டுமே. நல்லாத்தானே இரிந்திச்சு."

"நீங்க இறாலைப் பாருங்க" என்றார் பெரியம்மா. அப்பா இறாலைப் பார்க்கப் போய்விட்டார். அப்படிப் போனதற்காக அவர் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அக்காவும் ஒரு தடவைதான் கேட்டாள். "அம்மா என்னைப் பாக்கிறதுக்கா கேட்டவ, மாலையப் பாக்கிறதுக்கா?" "அசையாம நில்லு மனே" என்று சொல்லி அடுத்த சீலையைப் போட்டார்கள்.

கடைசியில் வென்றது இளம் ரோசா. சடங்கன்று அக்காவின் முகத்திலும் கழுத்திலும் பவுடரை அப்பினார்கள். பேசினால் வெடித்துவிடும் என்று அவளைப் பேச வேண்டாம் என்றார்கள். வாழைச்சேனையில் இருந்து வந்த படக்காரர் வாவியைப் பின்னால் வைத்து எடுத்தார். அக்கா சிரிக்காமல் நேரே பார்த்தாள். அம்மா அந்தப் பக்கம் நிற்கிறார் என்று நினைத்தே அப்படிப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு படக்காரர் கம்பியூட்டரைத் திறந்தார். "கவலப்படாதீங்க, வெள்ளையாக்கித் தாறன்" என்றார். ஆக்கினார். அக்கா வெளுக்க வெளுக்க முத்து மறைந்துகொண்டே போனது. கடைசியில் கழுத்தும் முத்தும் ஒரே நிறம். "மாலை எங்க?" என்று கேட்டார் பெரியம்மா. உடனே வாவி போய், பின்னால் கடும் ஊதாத் திரை வந்தது. சீலையும் ரோசாவில் இருந்து மெரூனுக்கு மாறியது. கழுத்தைச் சுற்றி ஒரு நிழல் விழுந்தது. மாலை திரும்பி வந்தது. கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. "இப்பதான் எண்ட புள்ள புள்ள மாதிரி இரிக்கா" என்றார். அவருடைய அன்பில் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் வழியில்லை. அதுதான் இதில் பெரிய கொடுமை.

படக்காரர் தன்னுடைய போனில் இருந்தே அம்மாவுக்குப் படத்தை அனுப்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா எடுத்தபோது போனுக்கு மிகக் கிட்ட இருந்தது அக்காதான். தலையை வாரி, பொட்டு வைத்து, கழுத்தில் மாலையையும் போட்டுக்கொண்டு இருந்தாள். குரலுக்கு முன்னால் எதற்கு மாலை என்று நான் பகிடி பண்ணினேன். அவள் கவனிக்கவில்லை.

"படம் வந்திச்சு" என்றார் அம்மா. "மாலை நல்ல எடுப்பா இரிக்கி. அதப் போட்டிருக்கிற புள்ள ஆரு? சொந்தக்காரப் புள்ளயா? எண்ட கறுப்பியிர படத்த அனுப்புங்களன்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அக்காவை ஒருவரும் பார்க்கவில்லை.

"அது உண்ட மகள்தான்" என்றார் பெரியம்மா.

போனில் தூரத்தில் யாரோ அரபியில் பேசுவது கேட்டது. பிறகு அம்மா அவசரப்பட்டுப் பேசினார். "ஓம், ஓம், எனக்குத் தெரியும். சும்மா கேட்டன். நல்லா வளந்திட்டா. நல்ல வடிவு." அதற்குள் நேரமும் முடிந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெற்ற தாய்க்கே பிள்ளையைத் தெரியவில்லை என்பது அந்த வயதில் எனக்கு நல்ல பகிடியாக இருந்தது. அயலில் எல்லாம் போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது அக்கா கிணற்றடியில் முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் பவுடர் போட்டிருக்கவில்லை. எதைக் கழுவுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மாலை கிணற்றுக் கட்டின் மேல் கிடந்தது. அதை அவள் பிறகு போடவே இல்லை. அம்மா ஊருக்கு வந்த நாளிலும் போடவில்லை. அம்மாவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன், மட்டக்களப்பு நகரில் என் மகளுக்குத் தோடு வாங்கப் போனேன். கடையின் கண்ணாடிக்குள் ஒரு பொம்மைக் கழுத்து இருந்தது. தலையும் இல்லை, கையும் இல்லை, கழுத்தும் தோளும் மட்டும். அதைக் கறுப்பு வெல்வெட்டில் செய்து, ஒரு முத்துமாலையைப் போட்டு வைத்திருந்தார்கள். "அம்மா, என்ன பாக்கிறீங்க?" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். என்னால் நகர முடியவில்லை.

அன்றைக்குப் போனில் அம்மா சொன்ன கறுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நாங்கள் எல்லோரும் சீலை தேடி ஓடினோம். அம்மா சீலையைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. யாருடைய வீட்டையோ கூட்டித் துடைத்துவிட்டு, எப்போதோ கிடைத்த ஒரு மணி நேரத்தில், அவர் இப்படி ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறார். அங்கே அவர் அக்காவைக் கண்டிருக்கிறார். அவர் கண்ட அந்தக் கழுத்தைத்தான் நாங்கள் பூசி மறைத்து அவருக்கு அனுப்பி வைத்தோம்.